லைட் போட்டும் வரலையா, போடாமலே கசியுதா? மூடி போட்ட சிலிக்கா நானோ துகள்ல கோளாறு பிடிக்கிறது எப்படி

லைட் ஆன் பண்ணி ஒரு மணி நேரம் ஆச்சு, ஸ்க்ரீன்ல கர்வ் தரையோட படுத்துக் கிடக்கு. இல்லன்னா இதுக்கு நேர் எதிர், லைட்டே போடல, ஃபாயில் சுத்தி வச்ச சாம்பிளை காலைல வந்து பாத்தா தண்ணி முழுக்க ரோஸ் கலர். துளை உள்ள சிலிக்கா துகள்ல சரக்கை, அதாவது மருந்தையோ சாயத்தையோ ஏத்தி, வாயை மூடியால அடைச்சு, ஒளி பட்டா மட்டும் தொறக்கணும்னு வேலை பாக்குறவங்க இந்த ரெண்டுல ஒண்ணுலயாவது மாட்டியிருப்பீங்க. நான் ரெண்டுலயும் மாட்டினேன், ஒரே வாரத்துல.

எல்லாரும் முதல்ல மூடியைத்தான் திட்டுவாங்க. சிந்தசிஸ் சரியில்ல, திரும்ப மொதல்லேருந்து பண்ணுவோம்னு ஒரு மாசத்தை தொலைப்பாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ்ல மூடி மேல தப்பே இருக்காது, எய்தவன் இருக்க அம்பை நோகுற கதைதான். ஒளி மூடிக்கு போய் சேந்துச்சா, மூடி தொறந்துச்சா, தொறந்த பிறகு சரக்கு வெளிய வந்துச்சா, இது மூணும் மூணு தனித்தனி கேள்வி. வெளிய வந்த சாயத்தோட ஒளிர்வை காட்டுற ஃப்ளூரசன்ஸ் கர்வ் மூணையும் சேத்து குழைச்சு ஒரே கோடா காட்டிடும், அதனால அந்த கோட்டை மட்டும் வச்சு எது கெட்டுச்சுன்னு சொல்லவே முடியாது. கீழ இருக்குற எல்லாமே இந்த மூணையும் பிரிக்கிற வேலைதான்.

நான் மனசுல வச்சு பேசுறது எம்சிஎம்-41 மாதிரி துகள், சிடிஏபிங்கிற சோப்பு மாதிரி மூலக்கூறை வார்ப்பா வச்சு டிஇஓஎஸ்ங்கிற சிலிக்கா மூலப்பொருள்ல பண்ணது, துளை 2லேருந்து 3 நானோமீட்டர், கிராமுக்கு சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு. மூடின்னா ஒளி பட்டா வெட்டுப்படுற ஆர்த்தோ நைட்ரோபென்சைல், ஒளி பட்டா வளையுற அசோபென்சீன் தண்டு மேல மாட்டின பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின்ங்கிற சர்க்கரை வளையம், இல்லன்னா கூமரின். கூமரின்தான் இதுல மூத்தது, 2003ல மால், ஃபுஜிவாரா, தனாகா மூணு பேரும் நேச்சர்ல போட்டது: 310 நானோமீட்டருக்கு மேல உள்ள யூவி போட்டா ரெண்டு கூமரின் ஜோடி சேந்து வாயை அடைக்கும், 250 பக்கம் போட்டா பிரிஞ்சு தொறக்கும். அழகான வேலை, ஆனா 250 போட்டா பாதி மருந்து மூலக்கூறு உள்ளயே செத்துரும், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இருட்டுலயே கசியுது

இதுதான் பெரிய தலைவலி, அதனால இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுவோம். முதல்ல கசிவோட வடிவத்தை பாருங்க. முதல் பத்து இருபது நிமிஷத்துல சட்டுன்னு ஏறி அப்புறம் சமமா போகுதுன்னா அது கசிவே இல்ல, துகளோட வெளிப்பக்கம் ஒட்டியிருந்த சாயம் கழுவப்படாம வந்து கரையுது. மணிக்கணக்கா மெதுவா ஏறிக்கிட்டே போகுதுன்னா அப்பதான் மூடி சந்தேகம்.

வெளிப்பக்கம் ஒட்டினது எப்படி தெரியும்னா கழுவுற ஒவ்வொரு தடவையும் சூப்பர்நேட்டன்ட் (துகள் அடில உக்காந்த பிறகு மேல நிக்குற தண்ணி) எடுத்து அளந்து எழுதி வைங்க. கண்ணால பாத்து "தெளிஞ்சிருச்சு"ன்னு விட்டுடாதீங்க, ரோடமின் பி சாயம் எல்லாம் கண்ணுக்கு தெரியாத அளவுல இருந்தாலும் ஃப்ளூரோமீட்டர்ல கத்தும். அடுத்தடுத்த ரெண்டு கழுவல் ஒரே அளவுல வந்து, அதுவும் வெறும் பஃபர் அளவுக்கு கிட்ட வந்தாதான் நிறுத்தணும். ஆறேழு தடவை கழுவியும் ஒரே அளவு வந்துக்கிட்டே இருந்தா அது கழுவல் இல்ல, நீங்க உள்ள இருக்குறதையே எடுத்துட்டு இருக்கீங்க.

எதால கழுவுறீங்கன்னும் பாருங்க. சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூடி போட்டுட்டு எத்தனாலால கழுவுற ஆள் நிறைய. அந்த வளையம் அசோபென்சீன்ல உக்காந்திருக்குறதே தண்ணிய பிடிக்காத குணத்தாலதான், எத்தனால் ஊத்தினா அந்த காரணமே போயிடுது, வளையம் கழண்டு சூப்பர்நேட்டன்ட்டோட போயிடும். அப்புறம் "மூடி போட்டும் கசியுது"ன்னு சொன்னா எப்படி, மூடியை நீங்கதான கீழ ஊத்தினீங்க. மூடி போட்ட பிறகு தண்ணி அல்லது பஃபர் மட்டும்.

அடுத்து ரூம் லைட். டைமெத்தாக்சி நைட்ரோபென்சைல் மாதிரி மூடி 400 நானோமீட்டர் தாண்டியும் கொஞ்சம் உறிஞ்சும், ஜன்னல் வெளிச்சமே போதும். நீங்க கழுவுற ஒரு மணி நேரம், சென்ட்ரிஃப்யூஜ்லேருந்து எடுத்து வச்சு போன் பேசின பத்து நிமிஷம், எல்லாம் கணக்குல சேரும். ஃபாயில் சுத்தறது கடைசி டெஸ்ட்டுக்கு மட்டும் இல்ல, மூடி ஒட்டுன நிமிஷத்துலேருந்து.

ஃப்ளூரோமீட்டரே லைட் அடிக்கிறதை மறந்துடுவாங்க. ஹெக்ஸ்ட் 33342ங்கிற சாயத்தை சரக்கா வச்சா அதை கிளறவே, அதாவது ஒளிர வைக்கவே, 350 பக்கம் ஒளி வேணும், அசோபென்சீனும் நைட்ரோபென்சைலும் உறிஞ்சுற இடமும் அதேதான். அதாவது அளக்குற ஒளியே மூடியை தொறக்குது. நான் இப்படி மூணு நாள் முழிச்சேன், இருட்டு கன்ட்ரோல் ஏறுது ஏறுதுன்னு. கடைசில ஷட்டரை மூடி வச்சு அரை மணிக்கு ஒரு தடவை மட்டும் ரெண்டு செகண்ட் தொறந்து அளந்தப்போ அதே பேட்ச் அசையாம படுத்திருந்துச்சு. தொடர்ச்சியா அளந்தது ஒரு கர்வ், விட்டு விட்டு அளந்தது ஒரு கர்வ், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலைன்னா அளக்குற ஒளிதான் குற்றவாளி. ரோடமின் பி மாதிரி 550க்கு மேல கிளறுற சாயத்துக்கு மாறிட்டா இந்த தொல்லையே கிடையாது.

இதெல்லாம் இல்லைன்னா ஒரு விஷயம் பாக்கி இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கவே மாட்டாங்க: சிலிக்காவே கரையுது. படிகம் இல்லாத சிலிக்கா ரூம் டெம்பரேச்சர்ல தண்ணில லிட்டருக்கு சுமார் 100லேருந்து 140 மில்லிகிராம் வரைக்கும் கரையும். நீங்க மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் துகள் போட்டா அது லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது முழுசும் கரையலாம். பாஸ்பேட் பஃபர்ல 37 டிகிரில வச்சா சுவர் மெல்லிசா இருக்குற இந்த துகள் இன்னும் வேகமா கரையும். சுவரே போன வீட்டுக்கு கதவு பூட்டியிருந்தா என்ன, தொறந்திருந்தா என்ன. டெஸ்ட் சுலபம்: அதே சாம்பிளை பத்து மடங்கு அதிக துகள் போட்டு ஓட்டுங்க. கரைசல் சிலிக்காவால சீக்கிரம் நிறைஞ்சிடும், கசிவு சதவீதம் நல்லா குறைஞ்சா காரணம் கரைவுதான். இல்லன்னா ஒரு நாள் வச்ச துகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாருங்க, விளிம்பு அரிச்சு, துளை வரிசை தெரியாம குழம்பி இருக்கும்.

கடைசியாதான் மூடி. துளை 3 நானோமீட்டர், உங்க மூடி அரை நானோமீட்டர் சங்கிலின்னா வாயை சுத்தி எத்தனை ஒட்டினாலும் நடுவுல சந்து இருக்கும். எத்தனை ஒட்டியிருக்குன்னு டிஜிஏ (சூடாக்கி எடை குறையுறதை அளக்குறது) பண்ணி பாருங்க. ஒட்டின இடமும் முக்கியம். வார்ப்பு சிடிஏபி உள்ள இருக்கும்போதே மூடிக்கான கொக்கியை ஒட்டினா அது பெரும்பாலும் வாய்ப்பக்கமும் வெளியயும்தான் ஒட்டும், வார்ப்பை எடுத்துட்டு ஒட்டினா துளைக்குள்ள எல்லாம் பரவி வாய்ல ஆள் இல்லாம போயிடும். மூத்த கூமரின் வேலைலயே வார்ப்பு இருக்கும்போதுதான் ஒட்டினாங்க.

லைட் போட்டும் ஒண்ணும் வரல

முதல் கேள்வி, ஒளி போய் சேந்துச்சா. விளக்கு மேல என்ன வாட் எழுதியிருக்குன்னு பாக்காதீங்க, சாம்பிள் இருக்குற இடத்துல பவர் மீட்டர் வைங்க. கைல பிடிக்கிற 6 வாட் யூவி விளக்கு (டிஎல்சி தட்டு பாக்குறது) ஒரு சாண் தூரத்துல சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 மில்லிவாட்தான் தரும், எல்இடி நல்லா குவிச்சா அதுக்கு பல மடங்கு.

கணக்கு ஒண்ணு போட்டு காட்டுறேன், இதை போட்ட பிறகுதான் எனக்கே புத்தி வந்துச்சு. 365 நானோமீட்டர்ல ஒரு ஃபோட்டான் 5.4 × 10⁻¹⁹ ஜூல். 10 மில்லிவாட்னா ஒரு செகண்டுக்கு 1.8 × 10¹⁶ ஃபோட்டான். உங்க க்யூவெட்ல (சாம்பிள் ஊத்தி அளக்குற சின்ன சதுரக் குப்பி) 1 மில்லிகிராம் துகள், கிராமுக்கு 0.1 மில்லிமோல் மூடின்னா மொத்தம் 6 × 10¹⁶ மூடி. நூறு ஃபோட்டான் உறிஞ்சினா ஒரு மூடி வெட்டுப்படும்னு வச்சுக்கோங்க, 6 × 10¹⁸ ஃபோட்டான் வேணும். விழுற ஃபோட்டான் ஒண்ணு விடாம மூடியே உறிஞ்சினா அஞ்சரை நிமிஷம். பத்துல ஒரு பங்குதான் உறிஞ்சுதுன்னா ஒரு மணி நேரத்துக்கு கிட்ட. அதே கணக்கை 1 மில்லிவாட்டுக்கு போட்டா பத்து மணி நேரம் வரும், நீங்க இருபது நிமிஷம் போட்டுட்டு வரலைன்னு எழுந்து போனா அது மூடி குத்தமா?

க்யூவெட்டும் பாருங்க. பாலிஸ்டைரீன் க்யூவெட் 340க்கு கீழ ஒளியை விடாது, சாதா கண்ணாடியும் 320 பக்கத்துல மூடிக்கும். 365க்கு ஓகே, ஆனா 254க்கு குவார்ட்ஸ் இல்லாம உக்காராதீங்க. பக்கவாட்டுல ஒளி விட்டு கலக்காம வச்சா முன்பக்க துகள் மட்டும் ஒளி வாங்கும், பின்னாடி இருக்குறது நிழல்ல நிக்கும், அதனால குட்டி ஸ்டிர்ரர் போட்டு மெதுவா சுத்த விடுங்க. அப்புறம் கண்ணுக்கு யூவி தடுக்குற கண்ணாடி போடுங்க, 365ம் கண்ணுக்கு கெடுதல்தான், மங்கலா தெரியுறதால பாதிப்பு இல்லன்னு நினைக்காதீங்க.

ரெண்டாவது, மூடி தொறந்துச்சா. இதுக்கு சரக்கை பாக்கவே கூடாது. சரக்கு ஏத்தாம மூடி மட்டும் போட்ட துகளை தனியா வச்சிருங்க, அதோட யூவி ஸ்பெக்ட்ரம் எடுங்க. அசோபென்சீன்னா 350 பக்கத்துல இருக்குற பெரிய மேடு லைட் போட போட இறங்கும், 440 பக்கம் குட்டி மேடு கொஞ்சம் ஏறும். நைட்ரோபென்சைல்னா மேடு மாறி, கரைசல் மஞ்சளிச்சு வரும். இது நடக்குதுன்னா மூடி வேலை செய்யுது, அதை விட்டுடுங்க. நடக்கலைன்னா ஒளி பத்தல, இல்ல மூடி சரியா ஒட்டல. சிலிக்கா சிதறடிக்கிறதால பேஸ்லைன் குட்டை அலைநீளத்துக்கு போகப்போக மலை மாதிரி ஏறும், மூடி இல்லாத துகளை ரெஃபரன்ஸா வைங்க, இல்லன்னா மேடு எங்க இருக்குன்னே தெரியாது.

நைட்ரோபென்சைல்ல ஒரு வம்பு: வெட்டுப்பட்ட துண்டு ஒரு நைட்ரோசோ கார்போனைல், அதுவும் 365 பக்கம் ஒளியை குடிக்கும், பக்கத்துல அமீன் இருந்தா அதோட போய் ஒட்டவும் செய்யும். அதனால ஆரம்பத்துல வேகமா போய் நடுவுல சோம்பலாயிடும். துகளை ஒரு தடவை கழுவி திரும்ப ஒளி விட்டா மறுபடி வேகம் வந்தா காரணம் இதுதான்.

மூணாவது, மூடி தொறந்தும் சரக்கு வரல. இதை நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். சிலிக்காவோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் (மின்னேற்றம் சுழியாகுற இடம்) பிஎச் 2லேருந்து 3, அதாவது 7.4ல சுவர் முழுக்க எதிர்மின்னேற்றம். டாக்சோரூபிசின் மருந்து, ரோடமின், சஃப்ரானின் சாயம் எல்லாம் நேர்மின் உள்ளது, சுவரைக் கட்டிப் பிடிச்சுக்கும். கதவு தொறந்து கிடக்கு, ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறான். சோதிக்க, லைட் போட்டு முடிச்ச பிறகு அதே க்யூவெட்ல சோடியம் குளோரைடு 150 மில்லிமோலார் வர்ற மாதிரி ஊத்துங்க, இல்ல பிஎச்சை 5க்கு இறக்குங்க. சட்டுன்னு குதிச்சா பிரச்சனை மின்னேற்றம். இருட்டு கன்ட்ரோல்லயும் அதே உப்பை ஊத்துங்க, அதுவும் குதிச்சா மூடி ஓட்டைன்னு போனஸா தெரிஞ்சுரும். ஃப்ளூரசீன், கால்சீன் மாதிரி எதிர்மின் சாயம்னா சுவரே தள்ளும், வெளிய வர்றது சுலபம், ஆனா ஏத்தும்போதே உள்ள போகாது. அதுக்காக சுவர்ல நேர்மின் உள்ள அமீன் வச்சீங்கன்னா திரும்ப ஒட்டிக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு பிடிக்கணும்.

முதல்ல ஏறி அப்புறம் இறங்குது

வெளிய வந்த சரக்கு பெரும்பாலும் உள்ள திரும்பி போகாது, அப்போ இறங்குறது பெரும்பாலும் சாயம் வெளுக்குறது. வெறும் சாயக் கரைசலை, நீங்க எதிர்பாக்குற அதே செறிவுல, அதே விளக்குல, அதே நேரம் வைங்க, எவ்வளவு இறங்குதோ அதான் திருத்தம். டாக்சோரூபிசின் இதுல ரொம்ப மோசம், பிளாஸ்டிக்லயும் ஒட்டும். திருத்தமே பாதிக்கு மேல வந்தா அந்த சாயத்தை விட்டுட்டு வேற பாருங்க, திருத்தின நம்பரை யாரும் நம்ப மாட்டாங்க.

கால்சீன் மாதிரி சாயம் நெருக்கமா இருந்தா தன்னைத்தானே அணைச்சுக்கும். துளைக்குள்ள மங்கல், வெளிய வந்தா பளிச். அதனால ஃப்ளூரசன்ஸ் பத்து மடங்கு ஏறினா பத்து மடங்கு வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. மொத்தம் எவ்வளவு ஏத்தினீங்கன்னு தெரியணும்னா துகளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுல கரைச்சு அளந்துடுங்க, ஸ்டாண்டர்டையும் அதே காரத்துல போடுங்க. இது இல்லாம "80 சதவீதம் ரிலீஸ்"னு எழுதுறது எதுல 80ன்னு சொல்லாம எழுதுறது.

கர்வ் குதிக்குது, பல் பல்லா வருது

மூலைல பொடி வச்சு மேல தண்ணி ஊத்தி, அதுக்கு மேல அளக்குற ஒளியை விடுற முறைதான பண்றீங்க? அப்போ பொடி சரிஞ்சுருக்கும். நான் ஒரு தடவை க்யூவெட் மூடியை தொறந்து மெதுவா வைக்கும்போதே மூலைல இருந்த வெள்ளைப் பொடி புகை மாதிரி ஒரு இழை மேல எழுந்து ஒளிக்கு நடுவுல வந்து நின்னதை பாத்தேன், கர்வ்ல அது ஒரு அழகான ரிலீஸ் படி மாதிரியே இருந்துச்சு! படியோட உச்சத்துல ஒரு மில்லிலிட்டர் எடுத்து சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி திரும்ப அளங்க. அளவு இறங்கிட்டா அது துகள், அப்படியே நின்னா அது சரக்கு. 100 நானோமீட்டர் துகளுக்கு 12,000 ஆர்பிஎம்ல பதினஞ்சு நிமிஷம் போதும். ஃபில்டர் போடுறவங்க சாயம் ஃபில்டர்லயே ஒட்டுதான்னு வெறும் சாயத்தை விட்டு முதல்ல பாத்துக்கோங்க.

ஏத்தினதே கம்மி

பெரும்பாலும் சிடிஏபி உள்ளயே உக்காந்திருக்கு. எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம்) 2920, 2850 பக்கம் ரெண்டு கூர்மையான கோடு இருந்தா இன்னும் போகல, அமிலம் கலந்த எத்தனால்ல திரும்ப கொதிக்க வைங்க. மிச்சம் இருந்தா லோடிங் குறையறது மட்டும் இல்ல, அது பின்னாடி மெதுவா கரைஞ்சு வரும்போது சாயத்தையும் இழுத்துட்டு வரும், செல்லையும் கொல்லும், அதை மருந்து வேலைன்னு நினைச்சு சந்தோஷப்பட்டவங்க உண்டு. 550 டிகிரில சுட்டா சுத்தமா போயிடும், ஆனா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகும், மேற்பரப்புல சிலனாலும் (மூடி பிடிச்சுக்கிற ஓஎச் குழு) குறைஞ்சு மூடி ஒட்ட இடம் கம்மியாகும். நான் சுடுறதே இல்ல. காய வச்சு பொடியாக்குறதும் இல்ல, காய்ஞ்ச பிறகு சோனிக்கேட்டர்ல எவ்வளவு அடிச்சாலும் பழைய நிலைக்கு வராது.

லைட் இல்லாம சூட்டாலதான் தொறக்குதோன்னு சந்தேகம்

க்யூவெட்குள்ள மெல்லிசா ஒரு தெர்மோகப்பிள் விட்டு விளக்கு ஓடும்போது பாருங்க. அஞ்சு டிகிரிக்கு மேல ஏறினா, இருட்டுல அதே டெம்பரேச்சர்ல வச்ச கன்ட்ரோல் கண்டிப்பா வேணும். தங்கத் துகள் வச்சு நியர் ஐஆர் லேசர் அடிக்கிறவங்களுக்கு இது விருப்பம் இல்ல, கட்டாயம்.

விளக்கை போட்டு அணைச்சா வர்ற ஆன் ஆஃப் படிக்கட்டு முதல் தடவை வருது, மூணாவது தடவை வரல

நைட்ரோபென்சைல்னா வெட்டினது வெட்டினதுதான், படிக்கட்டு வந்தா அது லைட் இல்லாதப்போ மிச்ச மூடி நிக்குறதால வர்றது, திரும்ப மூடுறதால இல்ல. அசோபென்சீன் 450 பக்கம் நீல ஒளி போட்டா பழையபடி நேரான ட்ரான்ஸ் வடிவத்துக்கு திரும்பும், ஆனா முழுசா ஒரு பக்கமும் போகாது, எந்த ஒளிலயும் ரெண்டு வடிவமும் கலந்த ஒரு சமநிலைலதான் நிக்கும். சாதா அசோபென்சீன் இருட்டுல தானா திரும்ப நாள் கணக்காகும், ஒரு பக்கம் அமினோ ஒரு பக்கம் நைட்ரோ வச்ச வகை செகண்ட் கணக்குல, அதைவிட வேகமாவும் திரும்பிடும், அந்த வகையை வளைய மூடிக்கு போட்டா விளக்கை அணைச்ச உடனே தண்டு நேராயிடும். ஆனா கழண்டு போன சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையம் அதுக்குள்ள 3 மில்லிலிட்டர் தண்ணில கரைஞ்சு போயிருக்கும், தண்டு நேரானாலும் மாட்ட வளையம் பக்கத்துல இல்ல. மூடி திரும்ப மூடுதான்னு உண்மையிலயே தெரிஞ்சுக்கணும்னா மூணாவது படிக்கு முன்னாடி கொஞ்சம் வெறும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலை ஊத்தி நீல ஒளி போட்டு பாருங்க, கசிவு நின்னா தண்டு நல்லாத்தான் இருக்கு, வளையம்தான் தொலைஞ்சது.